மாற்று வேட்பாளர்

வேட்புமனு கொடுக்கிற கடைசி நாளில் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் வரிசை பிடிப்பது, கூட்டமான பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதைவிட மோசம். இதில் பெரியவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்குச் சின்னவள் கேட்டுக்கு வெளியே டி.வி.க்காரர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். இது ஆகிற கதையில்லை என்று பெரியவள் முதலில் தன் மனுவைக் கொடுத்து ஏழாம் நம்பர் வாங்கினாள். பிறகு, "அடுத்தது எங்க ஆளுதான் சார், வந்துக்கிட்டே இருக்காங்க" என்று மேஜையை மறித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். சின்னவள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து எட்டாம் நம்பர் வாங்கினாள்.

"அக்கா, நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்!" என்று பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றியிருந்த நாலு பேர் இதைக் கேட்டார்கள். "பாத்தியாய்யா, இவ்வளவு பெரிய பதவியில இருந்தும் ஓரகத்தியை எப்படி மதிக்குது!" என்று உருகினார்கள். கால் கடுக்க நின்றது பெரியவள், பெயர் வாங்கியது சின்னவள். இது என்ன புதுசா?

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் பெரியவள், தம்பிக்கு வாக்கப்பட்டவள் சின்னவள். சின்னவள் ஐந்து வருஷம் கவுன்சிலர், ஐந்து வருஷம் நகராட்சித் தலைவி, அப்புறம் இரண்டு தடவை சட்டமன்ற உறுப்பினர். இப்போது மூன்றாவது தடவை நிற்கிறாள். ஊரே அவளை அக்கா என்றது. பல் போன கிழவரும் அக்கா என்றார். அவள் அக்கா என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் பெரியவள் ஒருத்திதான். அந்தப் பெரியவளை ஊர் 'மனு அக்கா' என்றது. ஆஸ்பத்திரியில் இடம் வேண்டுமா, தெருவிளக்கு எரியவில்லையா, மனு அக்காவிடம் போ, எழுதித் தருவாள், எழுதியதைச் சின்னவளிடம் கொடு, நடக்கும். நடந்தால் நன்றி யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

இன்னொரு உத்தியோகமும் பெரியவளுக்கு உண்டு. மாற்று வேட்பாளர். கட்சி நிறுத்துகிற ஆளின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியானால், அந்த இடத்தில் நிற்பதற்கென்று இன்னொருவரும் மனுக் கொடுத்து வைக்கவேண்டும். அசல் மனுவை ஏற்றுக்கொண்ட நிமிஷமே மாற்று மனு குப்பைக்குப் போகும். சின்னவளுக்கு இது ஐந்தாவது தேர்தல். முதல் தேர்தல் போக, மூன்று தடவை குப்பைக்குப் போனது பெரியவளின் மனுதான். கட்சிச் செயலாளர் ஒருமுறை எல்லார் முன்னாலும் கேலி செய்தார்: "மனு அக்கா ஆட்டத்துல ஒப்புக்குச் சப்பாணி. ஓடவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், கூட நின்னா போதும்." எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தைக்கூட மெதுவாக வைக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் சின்னவளுக்குச் செய்தித்தாள் என்றால் அலமாரியில் விரிக்கிற காகிதம். கட்சி, தேர்தல் எல்லாம் பெரியவளின் பாடு. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாமனார் கட்சிக்காரர் என்று தெரிந்துதான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினாள். வந்த வருஷமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, அதில் எது கோபித்துக்கொண்ட ஓட்டு, எதை ஒரு டம்ளர் காப்பி குடித்தால் மீட்கலாம் என்பதுவரை அத்துப்படி. என்றைக்காவது ஒருநாள் நிற்பேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வானேன், பார்த்தாலே தெரியாதா?

அந்த வருஷம் அவர்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். கட்சி ஆள் வீடு தேடி வந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விழுந்த நேரத்தில் பெரியவள் ஒன்பது மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ரத்தக்கொதிப்பு, காலைக் கீழே வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மாமனார் கட்டில் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். அப்போது அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தானே?

"சின்னவ நிக்கட்டும் மாமா. இந்த ஒரு தடவைதானே. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். சின்னவளுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, "எனக்குப் பேசவே வராதுக்கா" என்று மூக்கைச் சிந்தினாள். பெரியவள்தான் தேற்றினாள். கட்டிலில் படுத்தபடியே பேச்சு எழுதிக் கொடுத்தாள். பெண் பிறந்த அன்றைக்குக்கூட நாலாவது தெருவில் யார் யாரைப் பார்க்கவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த தடவை வந்தது. யாரும் பெரியவளைப் பார்க்கவில்லை. ஜெயிக்கிற குதிரையை எவன் மாற்றுவான்? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் சின்னவள் எதையும் பிடுங்கவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இதிலே இன்னொரு கொடுமை, சின்னவளுக்கு அந்த வேலை நன்றாக வந்தது. பெரியவள் விடிய விடிய உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதிக் கொடுப்பாள். சின்னவள் மேடையில் அரைப் பக்கம் வாசிப்பாள். அப்புறம் காகிதத்தை மடித்துக்கொண்டு, "இதெல்லாம் எங்கக்கா எழுதினது, நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு வாயில நுழையல. உங்க தெருவுல தண்ணி வருதா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பாள். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். மேடைக்குக் கீழே பெரியவளும் கைதட்டுவாள். தட்டுகிற கை இரண்டும் எரியும். ஆறு பக்கத்தில் தனக்கு வராத ஒன்று இவளுக்கு ஒரு வரியில் எப்படி வருகிறது?

பெற்ற பெண்ணாவது தன் பக்கம் இருக்கக்கூடாதா? கல்லூரியில் சேருகிறபோது என்ன ஆகப்போகிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "சித்தி மாதிரி ஆகணும்" என்றாள். பக்கத்தில்தான் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் அவளுடைய சேர்க்கைப் படிவம்.

கையெழுத்துச் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை ஜெயித்து வந்தபோது சின்னவளின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. "கவுன்சிலர் போடுற கையெழுத்தா இது?" என்று பெரியவள்தான் புதிதாக ஒன்று போட்டுக் காட்டினாள். மேலே ஒரு பெரிய சுழி, கீழே விறுவிறுவென்று ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. யாருடைய பெயர் என்று யாராலும் படிக்க முடியாது, ஆனால் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். எங்கிருந்து வந்தது அது? வக்கீல் ஆபீஸில் வேலையில்லாத மத்தியானங்களில், என்றைக்காவது ஒருநாள் வேண்டும் என்று, பழைய டைரியில் பெரியவள் தனக்காகப் போட்டுப் பார்த்து வைத்திருந்தது. அதையும் தூக்கிக் கொடுத்தாள். சின்னவளுக்கு அந்தச் சுழி கடைசிவரை சரியாக வரவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது கடிதம், அறுபது கடிதம். "நீங்களே போட்டுருங்கக்கா" என்றாள். இருபது வருஷமாக அந்தத் தொகுதியிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போன கடிதத்திலும் பெரியவளின் கை போட்ட கையெழுத்துதான் இருந்தது. பெரியவளின் சொந்தக் கையெழுத்து குட்டிக் குட்டி எழுத்தில் வெறும் பெயர், அவ்வளவுதான். அதற்கு வேலையும் இல்லை.

மனுக் கொடுத்துவிட்டு வந்த அன்று மூணரை மணிக்கு, பெரியவள் வீட்டு முன்னறையில், அதாவது கட்சி அலுவலகத்தில், சின்னவளின் மனு நகலைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தன்னுடைய மனுவுக்கு அவள் நகல் எடுப்பதில்லை. குப்பைக்குப் போகிறதற்கு நகல் எதற்கு? இரண்டாம் பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

'கணவர் அல்லது மனைவியின் தொழில்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

சின்னவளின் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். போன வருஷம் மூடிவிட்டார். போன வாரம் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பெரியவள் கேட்டபோது அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். "எழுதுங்க, பொண்டாட்டி பின்னாடி போறதுன்னு எழுதுங்க" என்று எழுந்து போய்விட்டார். "விடுங்கக்கா, நான் அவரைச் சமாதானப்படுத்திக் கேட்டு எழுதிடறேன்" என்று சின்னவள் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போனாள். சமாதானப்படுத்தினாளோ என்னவோ, எழுத மறந்து, இன்று காலைதான் அப்படியே மனுவோடு சேர்த்துவிட்டாள். கையெழுத்து மட்டும் கோணல் சுழியோடு கீழே இருந்தது.

ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனு தள்ளுபடி. 'இல்லை' என்றாவது எழுதியிருக்க வேண்டும். இந்தச் சட்டம் பெரியவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மறுநாள் பதினோரு மணிக்குப் பரிசீலனை. ஒவ்வொரு மனுவாக நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தன் நம்பரைக் கூப்பிடும்வரை யாரும் போய்த் திருத்திக்கொள்ளலாம். கூப்பிட்டபின் புள்ளிகூட வைக்க முடியாது.

ஆக, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. எட்டாம் நம்பர் விழும், ஏழாம் நம்பர் நிற்கும்.

பெரியவள் உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வேர்த்தது. சுவரொட்டி எல்லாம் மாறும். மேடையில் நடு நாற்காலி. பெண் பார்ப்பாள். செயலாளர் வந்து, "இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க மேடம்" என்பார். சின்னவள்? சின்னவள் கீழே நின்று கைதட்டட்டும். கை எரிகிறதா இல்லையா என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். நான் என்ன திருடினேனா, அழித்தேனா? அவள் விட்டது, அவள் புருஷன் கோபித்துக்கொண்டது. எனக்கு இதில் என்ன வந்தது?

அப்போது சின்னவளே உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?"

இருபது வருஷமாக ஒவ்வொரு காகிதத்துக்கும் அவள் கேட்கிற கேள்விதான். பெரியவள் கோப்பை மூடினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நீங்க பாத்துட்டா சரிதான்" என்று சின்னவள் கொட்டாவி விட்டாள். "எனக்கு இந்தத் தடவை என்னவோ பயமாவே இருக்குக்கா."

"பயம் என்ன பயம். போய்ப் படு" என்றாள் பெரியவள்.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது என்று நினைப்பீர்கள். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். காலையில் எழுந்து, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். பரிசீலனைக்குப் போகிற மாற்று வேட்பாளர் எதற்கு இப்படி உடுத்துகிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை.

பரிசீலனை நடக்கிற அறை நீளமாக இருந்தது. தேர்தல் அதிகாரி ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்புகளை அடுக்கிவைத்திருந்தார். எதிர்க்கட்சி வேட்பாளர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். யார் மனுவில் என்ன குறை என்று மோப்பம் பிடிக்கத்தான். முதல் வரிசையில் சின்னவளும் பெரியவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். பின்னால் செயலாளர்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாம் நம்பரில் ஒரு சுயேச்சை வேட்பாளர் வயசை எழுதாமல் விட்டிருந்தார். "சார், இப்ப எழுதித் தரேன் சார்" என்று மன்றாடினார். "நம்பரைக் கூப்பிட்டாச்சு" என்று அதிகாரி தள்ளுபடி முத்திரையைக் குத்தினார். டப் என்ற சத்தம். பெரியவள் எட்டாம் நம்பர் கோப்பைப் பார்த்தாள். எட்டுக்கும் அதே சத்தம்தான் கேட்கும்.

"ஏழு" என்றார் அதிகாரி. பக்கங்களைப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார், மறுபடி நாலாம் பக்கத்துக்கு வந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். முதல் மூன்று பக்கத்தில் குட்டிக் குட்டி எழுத்தில் பெரியவளின் பெயர். நாலாம் பக்கத்தில் மேலே பெரிய சுழி, கீழே கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி.

மனுக் கொடுத்த அன்று காலை வாக்குச்சாவடி முகவர்களுக்கு முந்நூற்று நாற்பது கடிதம். எல்லாவற்றிலும் சின்னவளின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் செயலாளர் இவளுடைய மனுவைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுலயும் போட்டுருங்க மனு அக்கா, சும்மா ஒப்புக்குத்தானே" என்றார். மூன்று பக்கம் ஒழுங்காகப் போட்ட கை நாலாம் பக்கத்தில் பழைய தடத்துக்கே போயிருக்கிறது. அடுத்தவள் மனுவை வரிக்கு வரி பார்த்த கண், தன் மனுவை ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பைக்குப் போகிற காகிதம்தானே.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்துவிட்டார். "சார், இது வேற ஆளோட கையெழுத்து. எட்டாம் நம்பரோட வச்சுப் பாருங்க."

அதிகாரி எட்டாம் நம்பர் கோப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் உருவி வைத்துப் பார்த்தார். "எட்டு என் முன்னாடி போட்டது, அதுல சந்தேகமில்ல. ஆனா ஏழுல இருக்கிறதுதான் அசல் மாதிரி இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினார். சிலர் சிரித்தார்கள். பெரியவளுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

சின்னவள் எழுந்து நின்றாள். சட்டசபையில் எழுந்து நிற்கிற மாதிரி இல்லை, வீட்டில் யாராவது அக்காவைச் சொல்லிவிட்டால் எழுந்திருக்கிற மாதிரி. "சார், இருபது வருஷமா எங்க வீட்டுல எல்லாத்தையும் எழுதுறது அவங்கதான். அவங்க கை இதுவரைக்கும் ஒரு தப்புப் பண்ணினதில்ல. கை மறந்து போட்டுருக்காங்க. ஒரு நிமிஷம் குடுங்க, சரியாப் போட்டுருவாங்க."

"நம்பரைக் கூப்பிட்டாச்சும்மா." டப். ஏழாம் நம்பர் தள்ளுபடி.

சின்னவள் உட்கார்ந்து பெரியவளின் கையைப் பிடித்தாள். "போகட்டும்கா. இதுக்குப் போய்க் கண்கலங்கலாமா? என்னோடது இருக்கே."

அதிகாரி ஏழாம் நம்பர் கோப்பைக் கட்டி ஓரத்தில் வைத்தார். எட்டை இழுத்தார். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெடவேண்டும் என்பார்கள். பெரியவளின் மூக்கு ஏற்கெனவே அறுந்தாயிற்று. இன்னும் அரை நிமிஷம் சும்மா இருந்தால் சகுனமும் கெட்டுவிடும். எனக்கு இல்லாதது இவளுக்கும் இல்லை. அந்த நினைப்பு நாக்கில் இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

அவள் ஏன் எழுந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாசம் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். எதிர்க்கட்சி வக்கீல் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் இருக்கலாம். மனு அக்கா எழுதின மனு இரண்டும் போயிற்று என்று ஊர் சொல்லுமே என்ற ரோஷமாக இருக்கலாம். பிடித்த கையை அந்தச் சின்னவள் இன்னும் விடாமல் இருந்ததாலும் இருக்கலாம்.

"சார், கூப்பிடாதீங்க! எட்டுல ரெண்டாம் பக்கம் ஒரு கட்டம் காலியா இருக்கு. எழுதணும்" என்று கத்தினாள்.

"நான் இன்னும் கூப்பிடல. வந்து எழுதுங்க" என்றார் அதிகாரி. வக்கீல் ஏதோ முணுமுணுத்தார், எடுபடவில்லை. சின்னவள் மேஜைக்குப் போய்ப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டத்தைப் பார்த்தாள். திரும்பி, "என்ன எழுதறதுக்கா?" என்றாள்.

"முன்னாள் வியாபாரின்னு எழுது."

எழுதினாள். எட்டாம் நம்பர் ஏற்கப்பட்டது. செயலாளர் வெளியே ஓடிப் பட்டாசு மாதிரி கத்தினார். படிக்கட்டில் இறங்குகிறபோது சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"எப்பப் பாத்தீங்கக்கா?"

பெரியவளுக்குப் பொய் ஒன்று வாய்வரை வந்தது. "நேத்து மூணரை மணிக்கு" என்றாள்.

சின்னவள் இரண்டு படி இறங்கினாள். நேற்று மூணரை மணிக்குத் தான் தரையில் உட்கார்ந்து கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே காரில் ஏறினாள். பெரியவளும் ஏறட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தேர்தல் முழுக்கச் சின்னவள் எந்த மேடையிலும் "எங்கக்கா எழுதினது" என்று சொல்லவில்லை. ஆறு பக்கத்தையும் வாங்கிக்கொள்வாள், வாசிப்பாள், மடித்து வைப்பாள். போன தடவையைவிட ஏழாயிரம் ஓட்டு அதிகமாக ஜெயித்தாள். வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். கரண்ட் வந்ததா, வந்தது. கண்ணாடி டம்ளரைக் கழுவுகிற மாதிரி இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.

பதவி ஏற்ற மறுநாள் முதல் கட்டுக் கடிதங்களைப் பெரியவள் டைப் செய்து அடுக்கினாள். பேனாவை எடுக்கக் கை நீட்டினாள். சின்னவள் கட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நானே போட்டுக்கறேன்கா."

குரலில் கோபம் இல்லை. பெரியவள் சரி என்றாள். அறைக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சட்டசபை நாற்காலிக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. பொறாமை என்றால் அன்றைக்குப் பட்டதுதான் பொறாமை. தன் கையெழுத்தின்மேலேயே பொறாமை!

பத்து நாள் போயிற்று. ஒரு தையல்காரி தன் புருஷனுக்கு இதய ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போயிருந்தாள். பிற்பகலில் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். கடிதத்தின்மேல் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'உறுப்பினரின் கையெழுத்து எங்கள் கோப்பில் உள்ளதோடு பொருந்தவில்லை. போலி எனத் தெரிகிறது.' அங்கே இருந்த கிளார்க், போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று வேறு மிரட்டியிருக்கிறான்.

சின்னவள் படித்தாள். அவளே தன் கையால் போட்ட கையெழுத்து. கோணல் சுழி, நடுங்கின கோடு, எங்கோ போய் விழுந்த இரண்டு புள்ளி.

பெரியவள் சிரித்திருக்கக் கூடாது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சின்னவளுக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. தையல்காரியை வெளியே உட்காரச் சொன்னாள். கடிதத்தைப் புதிதாக எடுக்கச் சொன்னாள். பெரியவள் டைப் செய்து முடித்ததும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி பெரியவளின் முன்னாலேயே வைத்து, மேலே பேனாவையும் வைத்தாள்.

"போடுங்கக்கா. அது உங்களோடதுதானே."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வக்கீல் ஆபீஸ் டைரியை நான் என்னைக்கோ பாத்துட்டேன். ரெண்டாவது தேர்தலுக்கு முன்னாடி. பக்கம் பக்கமாப் போட்டு வச்சிருந்தீங்க. அப்பவே புரிஞ்சுது. ஒரு வார்த்தை கேப்பீங்க, எந்திரிச்சுக் குடுத்துடலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல. நீங்க கேக்காததால, வேண்டாமோன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு."

நிஜமா, மேடைப் பேச்சா? இருபது வருஷமாக இவளுடைய ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுத்தவளுக்கே தெரியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? கேட்டிருக்கலாமே, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே! ஆறு பக்கம் ஆறு பக்கமாக எத்தனை எழுதினாள், இந்த ஒரு வரியை யாரிடமும் எழுதிக்கூடக் கேட்கவில்லை. அப்போதும் பாருங்கள், அந்த நினைப்புக்கு நடுவிலும் அந்தப் பழைய எரிச்சல் தலையைத் தூக்கியது: நான் எழுதிக் கொடுக்காமல், காகிதம் இல்லாமல், இவளுக்கு மட்டும் எப்படித்தான் இப்படி ஒரு பேச்சு வருகிறது?

வெளியே தையல்காரி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பெரியவள் பேனாவை எடுத்தாள். மேலே சுழி, கீழே கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. மை உலர ஊதிவிட்டு, அதற்குக் கீழே டைப் செய்திருந்த சின்னவளின் பெயரை ஒருதரம் எழுத்துப் பிழை பார்த்து, கடிதத்தை அவளிடம் நீட்டினாள்.